கேட்கலாம், காட்டலாம், எழுதச் சொல்லக் கூடாது: எழுத்து வகுப்பில் ஏஐ-யை எங்கே உட்காரவைப்பது?

இரண்டு வருடத்துக்கு முன்னால் கல்லூரி முதலாண்டு 'பகுதி-1' தமிழ்ப் பாட வகுப்பில் 'எங்கள் ஊர்ச் சந்தை' என்று ஓர் அசைன்மெண்ட் கொடுத்தேன். மொத்தம் 62 பேர். ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் திருத்த உட்கார்ந்தேன். "சந்தை என்பது வெறும் வணிகத் தலம் மட்டுமல்ல, அது மக்களின் வாழ்வியலைப் பிரதிபலிக்கும் கண்ணாடி." இந்த வாக்கியம் சின்னச் சின்ன மாற்றங்களோடு 19 தாள்களில் இருந்தது. ஒரு தாளிலும் தக்காளி கிலோ என்ன விலை என்று இல்லை. எங்கள் ஊரில் சந்தை கூடுவது வியாழக்கிழமை. நான்கு பேர் ஞாயிற்றுக்கிழமை என்று எழுதியிருந்தார்கள். நான்கு பேரும் சந்தைக்குப் பக்கத்துத் தெருப் பிள்ளைகள்.

மறுநாள் கோபமாகத்தான் வகுப்புக்குப் போனேன். ஆனால் திட்டி என்ன ஆகப்போகிறது? 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. அதற்கப்புறம் கல்லூரிக்குள் நுழையும் ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப்பையிலும் கட்டுரை எழுதித் தரும் ஆள் ஒருவர் இருக்கிறார். அவரை வாசலில் நிறுத்த முடியாது. உள்ளே விட்டு எந்த நாற்காலியில் உட்காரவைப்பது என்பதுதான் நம் கையில் இருக்கிறது. எழுதுகிறவர் நாற்காலியில் உட்காரவைத்தால் வகுப்பு போச்சு. வாசகர் நாற்காலியிலோ குற்றவாளிக் கூண்டிலோ ஏற்றினால் நல்ல வேலை வாங்கலாம்.

புதிதாக எழுத்து வகுப்பு எடுக்க வருகிறவர்களுக்காக, நான் நாலு செமஸ்டர் முட்டிமோதிக் கண்டதை வரிசையாகச் சொல்கிறேன். நான் தமிழ் எடுப்பவன். ஆனால் பெரும்பாலானவை ஆங்கில வகுப்புக்கும் பொருந்தும்.

முதல் படி: ஒரு வாரம் நீங்கள் பழகுங்கள்

சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட், கோபைலட், எதுவானாலும் சரி, இலவசப் பதிப்பே போதும். நம் பிள்ளைகளிடம் இருப்பது பெரும்பாலும் ஆண்ட்ராய்டு போன் என்பதால் ஜெமினி அவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஒன்றை எடுத்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள். நாலைந்தை ஒப்பிட்டுப் பார்ப்பது பொழுதுபோக்கு, அதைக் கோடை விடுமுறையில் வைத்துக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியது இதுதான். போன வருடம் நீங்கள் கொடுத்த அசைன்மெண்ட் கேள்வியை அப்படியே போடுங்கள். வரும் பதிலை எடுத்து வைத்துவிட்டு, புதிய உரையாடல் திறந்து மறுபடி போடுங்கள். மூன்றாவது முறையும் போடுங்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சத்தமாக வாசியுங்கள். 'முக்கியப் பங்கு வகிக்கிறது', 'இன்றியமையாதது', 'வெறும் அது மட்டுமல்ல, இதுவும்' என்று ஒரே தாளம் கேட்கும். பத்திகள் எல்லாம் அளந்து வெட்டியதுபோல ஒரே நீளம். கடைசியில் 'இதைப் பேணிக் காப்பது நம் கடமையாகும்' என்று வந்து முடியும். (நியாயமாகச் சொன்னால், முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பன்னிரண்டாம் வகுப்பு வரை நாம் கற்றுக்கொடுத்த கட்டுரையும் இதுதான். அது நம்மிடமிருந்துதான் கற்றிருக்கிறது.)

இது ஏன் இப்படி எழுதுகிறது என்பதும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். சில சமயம் இணையத்தில் தேடிப் பார்த்தாலும், இது புத்தக அலமாரி இல்லை. சொற்களைத் துண்டு துண்டாக உடைத்து, அடுத்து வர வாய்ப்புள்ள துண்டு எது என்று கணித்துக் கணித்துக் கோக்கிறது. அந்தத் துண்டுக்கு டோக்கன் என்று பெயர். முன்பெல்லாம் தமிழை அது மிகப் பொடியாக உடைத்துக்கொண்டிருந்தது. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற மாடல் வெளிவந்தபோது சாட்ஜிபிடியின் நிறுவனமான ஓப்பன்ஏஐ காட்டிய மாதிரியில், 116 டோக்கன் பிடித்த ஒரு தமிழ்ப் பகுதி 35 டோக்கனில் அடங்கியது. அதனால் இப்போது நீளமான தமிழையும் தடுமாறாமல் வாங்கிக்கொள்கிறது. ஆனால் அது படித்து வளர்ந்ததில் பெரும்பகுதி ஆங்கிலம். சொல் தமிழாக இருக்கும், வாக்கியத்தின் எலும்பு பல நேரம் ஆங்கிலமாக இருக்கும். ஒற்று மிகும் இடத்தில் விட்டுவிடும், மிகாத இடத்தில் போட்டுவிடும். ஒரு வாரம் பழகினால் உங்கள் காதுக்கே இது பிடிபட்டுவிடும்.

இரண்டாம் படி: விதியை முதல் நாளே சொல்லுங்கள்

'ஏஐ பயன்படுத்தக் கூடாது' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு வருவது சுலபம். அதை யாரும் கடைப்பிடிக்கப் போவதில்லை என்று நமக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். நான் மூன்றே விஷயம் வைத்திருக்கிறேன். சந்தேகம் கேட்கலாம். எழுதியதைக் காட்டலாம். எழுதச் சொல்லக் கூடாது.

இதோடு ஒரு சின்ன வழக்கம். ஒவ்வொரு அசைன்மெண்டின் கடைசியிலும் 'உதவிக் குறிப்பு' என்று மூன்று நான்கு வரி எழுத வேண்டும். எந்தக் கருவி, என்ன கேட்டேன், அது சொன்னதில் எதை ஏற்றேன், எதை விட்டேன். பயன்படுத்தவே இல்லை என்றால் 'பயன்படுத்தவில்லை' என்று ஒரு வரி. ஒரு மாணவர் எழுதிய குறிப்பு இது: "ஜெமினியிடம் காட்டினேன். இரண்டாம் பத்தி நீளம் என்றது, சரிதான், வெட்டினேன். 'சுமைதூக்கும் தொழிலாளர்' என்று மாற்றச் சொன்னது, மாற்றவில்லை. எங்கள் சந்தையில் அவரை மூட்டைக்காரர் என்றுதான் கூப்பிடுவோம்." இந்தக் கடைசி வரிக்காகவே நான் அவருக்கு மனசுக்குள் முழு மதிப்பெண் போட்டுவிட்டேன்.

தனிப்பட்ட விவரம் பற்றியும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பெயர், பதிவெண், போன் நம்பர், வீட்டுப் பிரச்சினை எதுவும் கருவிக்குள் போகக் கூடாது. நாமும் மாணவர் தாளைப் பெயரோடு படமெடுத்து அதில் ஏற்றக் கூடாது. முதலாண்டில் 17 வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள். 2023-இல் வந்த இந்திய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் கணக்கில்தான் வைக்கிறது. கணக்குத் தொடங்க விருப்பமில்லாதவர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள். அவர்களுக்கு என்ன வழி என்று கடைசியில் சொல்கிறேன்.

மூன்றாம் படி: முதல் வரைவு வகுப்பறையில், கையால்

பாதிப் பிரச்சினை கேள்வியிலேயே இருக்கிறது. 'எங்கள் ஊர்ச் சந்தை' என்று நான் கேட்டது கருவிக்கு அல்வா. எந்த ஊர்க்காரனும் எழுதக்கூடிய கேள்விக்கு, எந்த ஊரும் இல்லாத பதில்தான் வரும். மறு செமஸ்டரில் கேள்வியை மாற்றினேன். வியாழக்கிழமை சந்தைக்குப் போங்கள். ஒரே ஒரு கடையின் முன்னால் இருபது நிமிடம் நில்லுங்கள். மூன்று விலை, கடைக்காரர் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியம், அவர் கை செய்த ஒரு காரியம், இவற்றை நோட்டில் குறித்து வாருங்கள். வெள்ளிக்கிழமை வகுப்பில் அந்த நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு, போனைப் பைக்குள் போட்டுவிட்டு, 25 நிமிடம் எழுதுங்கள்.

பிழை பார்க்க வேண்டாம், அடித்துத் திருத்த வேண்டாம், பேனா நிற்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. மணி அடித்ததும் தாளில் நான் தேதியோடு ஒரு சுழி (சுருக்கக் கையெழுத்து) போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அந்தச் சுழிக்குப் பின்னால் பெரிய பயன் இருக்கிறது. இனி அந்தப் பிள்ளை வீட்டில் எந்தக் கருவியோடு உட்கார்ந்தாலும், இது அவர் கையால் எழுதியது என்று ஒரு தாள் நம் இருவருக்கும் இடையில் இருக்கும்.

நான்காம் படி: கருவியை வாசகராக்குவது

மற்றப் படிகளைவிட இங்கே அதிக நேரம் செலவழியுங்கள்.

சும்மா 'என் கட்டுரையைப் பார்' என்று கொடுத்தால் கருவி உடனே மாற்றி எழுதித் தள்ளிவிடும். அதற்குத் தெரிந்த ஒரே மரியாதை அதுதான். ஆகவே ப்ராம்ப்டில், அதாவது நாம் அதற்குக் கொடுக்கும் கட்டளையில், அதன் கையைக் கட்ட வேண்டும். நான் கரும்பலகையில் எழுதிப்போடுவது இது:

"நான் கல்லூரி முதலாண்டு மாணவி. கீழே இருப்பது என் முதல் வரைவு. இதைத் திருத்தி எழுதாதே. ஒரு வாக்கியம்கூட எனக்காக எழுதித் தராதே. பாராட்டும் வேண்டாம். இந்தச் சந்தையைப் பார்த்தே இராத ஒருவர் இதைப் படித்தால் எங்கெங்கே புரியாமல் நிற்பார் என்று யோசித்து, மூன்று கேள்வி மட்டும் கேள். எந்த வரியைப் பற்றிய கேள்வி என்று அந்த வரியை எடுத்துக் காட்டிக் கேள்."

'பாராட்டும் வேண்டாம்' என்பதை விட்டுவிடாதீர்கள். இல்லாவிட்டால் 'மிக அழகாக எழுதியுள்ளீர்கள்' என்று தொடங்கும், பிள்ளை அந்த வரியோடு திருப்தியாகிப் போனை மூடிவிடும். 'வரியை எடுத்துக் காட்டு' என்று சொல்லாவிட்டால் எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும் பொதுக் கேள்வியாகக் கேட்கும். இத்தனையும் சொன்ன பிறகும் சில சமயம் கடைசியில் 'வேண்டுமானால் மேம்படுத்தி எழுதித் தரட்டுமா?' என்று வாலாட்டும். வேண்டாம் என்று சொல்லப் பழக்குங்கள்.

ஒரு மாணவியின் வரைவில் இந்த வரி இருந்தது: "பூக்கார அக்கா முழம் அளக்கும்போது விரலை மடக்கிக்கொண்டே அளந்தார்." விரலை மடக்கினால் முழம் குறையும். அக்கா ஏமாற்றுகிறார் என்பது அவள் எண்ணம். நேராகச் சொல்லாமல் விட்டிருந்தாள். கருவி கேட்ட மூன்று கேள்விகளில் இரண்டு உருப்படியில்லாதவை. சந்தை எப்போது தொடங்கியது, சந்தையின் சமூக முக்கியத்துவம் என்ன. மூன்றாவது மட்டும் இந்த வரியைப் பிடித்தது: "விரலை ஏன் மடக்கினார்? நீங்கள் கேட்டீர்களா?"

கேட்கவில்லை. அடுத்த வியாழன் போய்க் கேட்டிருக்கிறாள். வந்து வகுப்பில் சொன்னாள்: "விரல் நீட்ட வரலியாம் ஐயா. இருபது வருஷமா நார் இழுத்துக் கட்டிக் கட்டி அப்படியே மடங்கிப்போச்சாம். அதுக்காகத்தான் ஒவ்வொரு முழத்துக்கும் கடைசியில ரெண்டு விரக்கடை சேத்து விடுறாங்களாம். நான் அதைக் கவனிக்கவே இல்லை."

இதே வரைவை இன்னொரு முறை, கையைக் கட்டாமல், 'மேம்படுத்து' என்று சொல்லிக் கொடுத்துப் பார்த்தோம். அந்த வரி இப்படி மாறி வந்தது: "பூ விற்கும் பெண்மணி தனது தொழிலின் நுணுக்கங்களை லாவகமாக வெளிப்படுத்தினார்." விரலும் போச்சு, முழமும் போச்சு. இரண்டு வரிகளையும் கரும்பலகையில் மேலும் கீழுமாக எழுதிவிட்டு நான் ஒன்றும் பேசவில்லை. உங்கள் வகுப்பிலும் இப்படி ஒரு ஜோடி கட்டாயம் கிடைக்கும். கிடைத்ததும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த ஆண்டு முதல் வகுப்புக்கு உதவும்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. கையால் எழுதியதை போனுக்குள் எப்படிக் கொண்டுபோவது? படமெடுத்து ஏற்றினால் தமிழ்க் கையெழுத்தைத் தப்பாகப் படிக்கும், ஒப்பிட்டுப் பார்க்காமல் விடக் கூடாது. தட்டச்சு செய்யப் பலருக்குப் பொறுமை இல்லை. எனக்குப் பிடித்தது குரல்வழித் தட்டச்சு. போனில் உள்ள கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் மைக்கைத் தொட்டுத் தமிழில் வாசித்தால் எழுத்தாகிவிடும். வாசிக்கும்போது மூச்சு முட்டும் வாக்கியம் எது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடுகிறது. கருவி ஒரு கேள்வி கேட்பதற்கு முன்பே பாதித் திருத்தம் முடிந்துவிடும்.

மூன்று கேள்வி வந்தால் மூன்றுக்கும் பதில் எழுத வேண்டாம். ஒன்றை எடுத்துக்கொள், மற்றதை ஏன் விட்டாய் என்று உதவிக் குறிப்பில் ஒரு வரி எழுது. நான் சொல்வது இவ்வளவுதான்.

ஐந்தாம் படி: நன்னூலை வெளியே எடுங்கள்

நல்ல எழுத்து எது, மோசமான எழுத்து எது என்று பேச நமக்கு வெளியூர் அளவுகோல் வேண்டாம். 13ஆம் நூற்றாண்டு வாக்கில் பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைப் பட்டியல் போட்டிருக்கிறார். ஏஐ எழுதும் கட்டுரையைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினாரோ என்று தோன்றும்.

குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை.

வகுப்பை ஐந்தைந்து பேராகப் பிரியுங்கள். அதே சந்தைத் தலைப்பில் கருவி எழுதிய ஒரு பக்கக் கட்டுரையைப் பிரதியெடுத்துக் குழுவுக்கு ஒன்று கொடுங்கள். ஒரு குழுவுக்கு இரண்டு குற்றம். சிவப்புப் பேனாவால் அடிக்கோடிட்டு, ஓரத்தில் குற்றத்தின் பெயரை எழுத வேண்டும். நேரம் 20 நிமிடம்.

கூறியது கூறல் கிடைத்த குழு ஐந்து நிமிடத்தில் கையைத் தூக்கிவிட்டது. 'சந்தை மக்களை இணைக்கிறது' என்ற ஒரே சங்கதி நாலு பத்தியில் நாலு சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தது. வெற்றெனத் தொடுத்தலுக்கு, 'வண்ணமயமான, உயிரோட்டமான, பாரம்பரியம் மிக்க' என்ற அடுக்கைப் பிடித்தார்கள். மூன்று சொல்லும் எந்தச் சந்தைக்கும் பொருந்தும், ஆகவே எந்தச் சந்தைக்கும் பொருந்தாது. குன்றக் கூறல் கிடைத்தவர்கள்தான் திணறினார்கள். இல்லாததை எப்படி ஐயா அடிக்கோடு போடுவது என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. எங்கே விலை வந்திருக்க வேண்டும், எங்கே ஒரு ஆள் வந்திருக்க வேண்டும் என்று அம்புக்குறி போடச் சொன்னேன். தாள் முழுக்க அம்பு. கடைசி பெஞ்சில் நின்று பயன் இன்மை கிடைத்த பையன் மட்டும் ஒன்றும் எழுதாமல் உட்கார்ந்திருந்தான். ஏன் என்றேன். "மொத்தத் தாளுக்கும் கோடு போடணும் ஐயா, பேனா தாங்காது" என்றான்.

அடுத்த வகுப்பில் அதே பத்தை அவரவர் வரைவின் மீது திருப்புங்கள். முந்திய நாள் இயந்திரத்தைக் கிழித்த சூடு இருக்கும், தன் எழுத்தையும் அதே கண்ணால் பார்ப்பார்கள். சொந்தக் குறையை நாம் சுட்டினால் முகம் வாடுகிற பிள்ளைகூட இங்கே சிரித்துக்கொண்டே அடித்துத் திருத்துகிறது. ஒரு எச்சரிக்கை: உங்களையும் விடமாட்டார்கள். நான் செமஸ்டர் தொடக்கத்தில் மாதிரிக்காகக் கொடுத்திருந்த கட்டுரையில் ஒருத்தி 'சென்று தேய்ந்து இறுதல்' (போகப் போக வலுவிழந்து முடிவது) கண்டுபிடித்தாள். உண்மைதான்.

ஆறாம் படி: மேற்கோளைத் துரத்துங்கள்

'யாதும் ஊரே யாவரும் கேளிர்' எங்கே வருகிறது என்று கேட்டால் புறநானூறு 192, கணியன் பூங்குன்றனார் என்று பிசகாமல் சொல்லும். எல்லோரும் மேற்கோள் காட்டும் வரி அது. அதிகம் புழங்காத இடத்துக்குப் போனால்தான் சிக்கல். சங்க இலக்கியத்தில் சந்தை பற்றிய வரிகள் வேண்டும் என்று வகுப்பில் ஒரு கருவியிடம் கேட்டோம். மதுரைக்காஞ்சியில் நாளங்காடி, அல்லங்காடி பற்றி வருகிறது என்றது. பகல் சந்தையும் இரவுச் சந்தையும் அதில் உண்மையாகவே உண்டு. ஆனால் அது எடுத்துக்காட்டிய நாலு வரி அந்தப் பாட்டில் இல்லவே இல்லை. ஓசை, சொல் எல்லாம் சங்கப் பாட்டு மாதிரியே இருந்தது. அதுதான் ஆபத்து.

வகுப்புப் பயிற்சி இப்படி: கருவியிடம் தலைப்புக்கு ஏற்ற ஐந்து மேற்கோள் கேளுங்கள். ஒவ்வொன்றையும் மதுரைத் திட்டத்தின் மின்னூல்களிலோ தமிழ் இணையக் கல்விக்கழக நூலகத்திலோ மூலத்தோடு ஒப்பிடுங்கள். கிடைத்தால் டிக், கிடைக்காவிட்டால் கட்டம் போட்டுவிடுங்கள். இது விளையாட்டுப்போல இருக்கும், ஆனால் கட்டுரையில் மேற்கோள் சேர்ப்பதற்கு முன் மூலத்தைத் திறந்து பார்க்கும் பழக்கம் இதில் வந்துவிடுகிறது. இது வெறும் வகுப்பறைக் கவலை என்று நினைப்பவர்களிடம், 2023-இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் நடந்ததைச் சொல்லுங்கள். சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை மனுவில் சேர்த்துத் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. படித்தவர்கள்தான், தொழில் தெரிந்தவர்கள்தான். திறந்து பார்க்கவில்லை.

ஏழாம் படி: மதிப்பெண்ணை உடையுங்கள்

இறுதித் தாளுக்கு மட்டும் மதிப்பெண் என்றால், இறுதித் தாளை வாங்கிக்கொண்டு வருவார்கள். எங்கள் கல்லூரி இன்டர்னலில் அசைன்மெண்டுக்கு 10. அதை உள்ளே எப்படிப் பிரிப்பது என்பது ஆசிரியர் விருப்பம். நான் நோட்டுக் குறிப்புக்கும் சுழி போட்ட முதல் வரைவுக்கும் சேர்த்து 4, முதல் வரைவுக்கும் இறுதி வடிவத்துக்கும் இடையில் நடந்த மாற்றத்துக்கு 3, உதவிக் குறிப்புக்கு 1, இறுதி வடிவத்துக்கு 2 என்று போடுகிறேன். பார்க்கத் தலைகீழாக இருக்கும். எங்கள் துறைத் தலைவர்கூட முதலில் புருவத்தை உயர்த்தினார். மூன்று தாளையும் சேர்த்துக் குத்தி வாங்குவதால் திருத்துவது சிரமம் என்பீர்கள். இல்லை. மாற்றம் எங்கே என்று மட்டும் பார்த்தால் போதும், ஒரு தாளுக்கு நாலு நிமிடம்.

கருவியையே மதிப்பெண் போடச் சொல்லலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஒரே கட்டுரையை மூன்று முறை கொடுத்துப் பார்த்தேன். ஆறு, எட்டு, ஏழு என்று வந்தது. ஒரு பிள்ளையின் இன்டர்னலை அந்த ஊசலில் தொங்கவிட எனக்கு மனமில்லை.

எட்டாம் படி, அல்லது ஏறக் கூடாத படி: கண்டுபிடிப்பான்கள்

'இது ஏஐ எழுதியது 92 சதவீதம்' என்று சொல்லும் மென்பொருள்களை நம்பி யாரையும் நிற்கவைக்காதீர்கள். ஓப்பன்ஏஐயே 2023 ஜனவரியில் அப்படி ஒன்றை வெளியிட்டது. அவர்களே சொன்ன கணக்குப்படி, ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ என்றது. துல்லியம் போதவில்லை என்று ஜூலையிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதே ஆண்டு ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்ட கட்டுரைகளை ஏஐ என்று அவை முத்திரை குத்தின. எளிய சொற்களில், ஒரே மாதிரி வாக்கியங்களில் எழுதுவதுதான் அவர்கள் செய்த தப்பு. தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதும் நம் பிள்ளைகள் எப்படி எழுதுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மென்பொருளே இல்லாமல் நானே ஒரு தப்பு செய்தேன். ஒரு மாணவியின் தாளில் அடுக்குத்தொடரும் எதுகையுமாகக் கொட்டிக் கிடந்தது. 'இது உன் நடை இல்லை' என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. மதியம் அவள் தோழி வந்து சொன்னாள், இவள் ஆறாம் வகுப்பிலிருந்து பேச்சுப் போட்டிக்குப் போகிறவள், மேடைப் பேச்சாளரான தாத்தா சொல்லிக்கொடுத்த நடை அது என்று. மறுநாள் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அதிலிருந்து சந்தேகம் வந்தால் தனியாகக் கூப்பிட்டு இரண்டே கேள்வி. இந்த வரி எப்படி வந்தது? இதற்கு முன்னால் இங்கே என்ன எழுதியிருந்தாய்? தானே எழுதியவர் இதற்குப் பதில் சொல்லும்போது கை தானாகத் தாளின் மேல் போகும்.

ஆங்கில வகுப்பு எடுப்பவர்களுக்கு

ஒன்றே ஒன்று. இங்கே கருவி உண்மையிலேயே பெரிய உதவி, ஏனென்றால் ஆங்கிலப் பிழையைத் தமிழில் விளக்கும். 'என் ஆங்கிலப் பத்தியைத் திருத்தாதே. எந்த வரிகளில் பிழை என்று மட்டும் சொல். ஒவ்வொரு பிழைக்கும் உள்ள விதியை எளிய தமிழில் விளக்கு. நான் திருத்திக் காட்டுகிறேன்' என்று கேட்கச் சொல்லுங்கள். 'டிட்' வந்தால் பின்னால் 'வென்ட்' வராது, 'கோ'தான் வரும் என்பதை அறுபது பேர் முன்னால் கேட்கக் கூச்சப்படும் பிள்ளை, ராத்திரி பதினோரு மணிக்கு போனிடம் பத்து முறை கேட்கும். அதற்குச் சலிப்பே வராது. நமக்கு வரும்.

தொடங்கும்போது

எல்லாப் படியையும் ஒரே செமஸ்டரில் ஏறாதீர்கள். முதல் செமஸ்டருக்கு மூன்று போதும்: கையால் முதல் வரைவு, உதவிக் குறிப்பு, நன்னூல் வகுப்பு. கருவியை வாசகராக்கும் படியைத் திரையில் நீங்களே ஒருமுறை செய்து காட்டிவிட்டு, அடுத்த செமஸ்டரில் பிள்ளைகள் கையில் கொடுங்கள்.

போன் இல்லாதவர்களுக்கும் கணக்குத் தொடங்க விரும்பாதவர்களுக்கும் வழி சொல்கிறேன் என்றேன். அவர்களின் வரைவைப் பெயரில்லாமல் வாங்கி, மேலே உள்ள ப்ராம்ப்டை நானே போட்டு, வரும் கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவேன். இல்லாவிட்டால் பக்கத்து பெஞ்சுக்காரர் அதே நிபந்தனையோடு மூன்று கேள்வி கேட்கட்டும். 'திருத்தாதே, பாராட்டாதே, கேள்' என்பது மனிதருக்கும் செல்லும். பூக்கார அக்காவின் விரலைப் பற்றிய கேள்வியை அந்தப் பெண்ணின் தோழியும் கேட்டிருப்பாள், கேட்கச் சொல்லியிருந்தால்.

வகுப்பு நடுவில் வைஃபை போய்விடும் நாள் ஒன்று கட்டாயம் வரும். நன்னூல் வகுப்புக்கான பிரதிகளை அந்த நாளுக்காக மேசை டிராயரில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். சிவப்புப் பேனா மட்டும் கொஞ்சம் கூடுதலாக வாங்கி வையுங்கள்.